அளவெடுக்காத வாடிக்கை

என் பைய உங்க மடியிலயே வச்சுக்கிடுங்க அக்கா, கீழ வைக்காதீய. முன்னாடி சீட்டுக்காரன் தண்ணி பாட்டில மூடாம வச்சிருக்கான். பையில இருக்கது ஒத்த ஜாக்கெட்டுதான். ஆனா அது நனைஞ்சா நாளைக்குச் சர்ச்சுல ஒரு அம்மா, பெத்த மக கல்யாணத்துல, சேலைக்கு ஒட்டாத ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு நிக்கணும்.

நகந்து எடம் குடுத்தீயளே, நல்லா இருப்பீய. எங்க எறங்குறீய? நாசரேத்தா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். கல்யாணமா? பூவும் பெட்டியுமா இருக்கீயன்னு பாத்ததுமே நெனச்சேன். இந்த மாசம் எந்த பஸ்ஸுல ஏறுனாலும் பாதி ஆளு கல்யாணத்துக்குத்தான் போவுது.

நான் ஆளப் பாத்தாலே சொல்லிருவேன் அக்கா. உங்களுக்கு மாரு முப்பத்தெட்டு, கை பதினொண்ணு. இப்பம் போட்டிருக்கது ரெடிமேடு இல்ல, தச்சதுதான். ஆனா தச்சவன் முதுக அரை இஞ்சி எறக்கி வெட்டிட்டான், அதான் சேலை நழுவி நழுவி விழுது. சரிதான? கோவிச்சுக்கிடாதீய, தொழில் புத்தி. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால சண்முகத்தாய் டெய்லர்னு கேட்டா யாரும் காட்டுவாவ. இருபத்தாறு வருஷம். மூணு மிஷின் ஓடுது, தைக்க ரெண்டு பிள்ளைய இருக்கு. வெட்டு மட்டும் என் கைதான். கத்திரிய இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கையில குடுத்ததில்ல.

ஒத்த ஜாக்கெட்டுக்கா ஒரு மனுஷி இம்புட்டுத் தூரம் பஸ் ஏறுதான்னு கேக்கீய. கேக்கணும்லா. அதச் சொல்லணும்னா வாடிக்கையில இருந்துதான் தொடங்கணும்.

எங்க கடையில ரெண்டு வகையா ஆளு வரும். டேப் வச்சு அளந்தா அது கஸ்டமர். அளவு ஜாக்கெட்ட என் பெட்டியில போட்டு வச்சிட்டுப் போனா அது வாடிக்கை. தகரப் பெட்டி ஒண்ணு இருக்கு, என் சீட்டுக்குக் கீழயே. அதுல நாப்பத்தி மூணு ஜாக்கெட். ஒவ்வொண்ணுலயும் கழுத்துப் பட்டிக்கு உள்ள செவப்பு நூலுல பேரு. அவிய வரவே வேண்டாம். துணிய யார்ட்டயாச்சும் குடுத்து விட்டாப் போதும், ஒரு வார்த்த பேச வேண்டாம், நாலாம் நாள் ஜாக்கெட் வீட்டுக்குப் போயிரும். வாடிக்கைய நான் டேப் வச்சு அளக்க மாட்டேன். அது அவியளுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

இந்த ஜாக்கெட்டுக்காரவிய அந்தப் பெட்டியில முத ஆளு. பேரு வேண்டாம். டீச்சர்னு வச்சுக்கிடுங்க. நான் ஒரு விஷயத்துல சுத்தம் அக்கா, வாடிக்கை சமாச்சாரம் என் கடை வாசலத் தாண்டாது. எங்க தெரு பேங்க் மேனேஜர் சம்சாரத்துக்கு ஒரு தோளு ஏறி ஒரு தோளு எறங்கி இருக்கும். உள்ள பட்டை வச்சுத் தச்சுத்தான் சமமாக் காட்டுதேன். இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயாச்சும் சொல்லியிருப்பனா?

டீச்சர் தமிழ் டீச்சர். இருபத்திரெண்டு வருஷமா எங்கிட்டதான். ஸ்கூல் தொறக்கும்போது நாலு, கிறிஸ்மஸுக்கு ரெண்டு, ஈஸ்டருக்கு ஒண்ணு, வெள்ளை. ஒரு தடவ கூட பிரிச்சுத் தச்சதில்ல. ஒரு நாளு மழைக்கு ஒதுங்கி கடையில உக்காந்திருந்தாவ. எதுத்தாப்புல ஒரு பாத்திரக் கடை புதுசா தொறந்து, 'வாடிக்கையாளர்களை வரவேற்கிறோம்'னு போர்டு மாட்டியிருந்தான். நான் கேட்டேன், "டீச்சர், வாடிக்கைன்னாலே ஆளுதான? அதுக்கு மேல எதுக்கு ஒரு ஆளர்?"

அவிய சிரிச்சிட்டு, "வாடிக்கைன்னா முதல்ல ஆளு இல்ல சண்முகத்தாய். வழக்கம். வாடிக்கையா நடக்கதுன்னு சொல்லுதோம்லா, அதான் மூத்த அர்த்தம். அந்த வழக்கத்த வச்சிருக்கவங்களுக்குப் பொறவுதான் அந்தப் பேரு வந்துச்சு. இங்கிலீஷ்காரனும் அப்படியே பண்ணியிருக்கான் பாரு. கஸ்டம்னா வழக்கம், அதுல இருந்துதான் கஸ்டமர்"ன்னாவ.

எனக்கு அது பிடிக்கல. எங்கடையில வாடிக்கை வேற, கஸ்டமர் வேறன்னு நான் பிரிச்சு வச்சிருக்கேன், ரெண்டும் ஒண்ணுன்னா எப்படி? சரி, அந்தச் சொல்லு எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். "பழைய பாட்டு எதுலயும் நான் பாத்ததில்ல. வடக்க இருந்து வந்த வியாபாரிய விட்டுட்டுப் போன சொல்லா இருக்கலாம், நம்ம கடைத்தெருவுலயே பொறந்ததா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல என்னால ஆவாது. ஆனா ஒண்ணு. நான் உனக்கு வாடிக்கைன்னா நீயும் எனக்கு வாடிக்கைதான். வழக்கம் ரெண்டு பேருக்கு நடுவுலல்லா இருக்கு"ன்னாவ. படிச்சவிய எதயாச்சும் சொல்லத்தான் செய்வாவன்னு விட்டுட்டேன். நானா அவிய கடைக்குப் போறேன்? அவியதான வாராவ.

அப்பேர்ப்பட்டவிய போன கிறிஸ்மஸுக்கு வரல.

டிசம்பர் மொத வாரம் பாத்தேன், ரெண்டாம் வாரம் பாத்தேன். பெட்டிய ரெண்டு தரம் தொறந்து அவிய அளவு ஜாக்கெட் இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டேன், பைத்தியக்காரி மாதிரி. கடைசியில அவிய ஸ்கூல் வாட்ச்மேனப் பிடிச்சுக் கேட்டா, லீவு போட்டுட்டு வெளியூர்ல அவிய தம்பி வீட்டுக்குப் போயிருக்காவன்னாரு. போனா என்ன, துணியக் குடுத்து விடக் கூடாதா? இருபத்திரெண்டு வருஷத்து வழக்கம் அக்கா. அவிய பாஷையிலயே சொல்லுதேன், வழக்கத்த முறிச்சது யாரு? நானா?

பொறவு ஏப்ரல் மாசம் வந்தாவ. கொஞ்சம் மெலிஞ்சிருந்தாவ, சேலைய மாருக்கு மேல ரெண்டு சுத்தா இழுத்துச் செருகி, கைப்பைய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு. மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்குன்னு சொன்னாவ. மயில்கழுத்து நெறத்துல பட்டு, அதோட வந்த ஜாக்கெட் துண்டு, கல்யாணத்தன்னைக்கு உடுத்த. கடையில அப்பம் நாலு பேரு. டீச்சர் மெதுவா, "சண்முகத்தாய், இந்தத் தடவ புதுசா அளவு எடுத்துரு. உள்ள வச்சு எடு"ன்னாவ.

எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. கஸ்டமர் மாதிரில்லா கேக்காவ. நான் எல்லாரும் கேக்கும்படியா, "உங்களுக்கா? கண்ணக் கட்டிட்டு வெட்டுவேன் டீச்சர். நீங்க போங்க, நாலாம் நாள் வீட்டுக்கு வரும்"ன்னேன். அவிய இன்னொரு தடவ, "இல்ல, கொஞ்சம் அளந்தாத் தேவல"ன்னாவ. நான் துணிய வாங்கி ரேக்குல போட்டுட்டு அடுத்த ஆளப் பாத்துட்டேன். ஒரு ரெண்டு நிமிஷம் நின்னிருப்பாவ. பொறவு பாத்தா ஆளக் காணோம்.

நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்பு? நம்பிக்கையாத்தான சொன்னேன்.

ஜாக்கெட்ட அனுப்புனேன். மூணாம் நாள் அவியளே எடுத்துட்டு வந்துட்டாவ. "இடது பக்கம் நிக்க மாட்டேங்கு சண்முகத்தாய். கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். உள்ள வா, சொல்லுதேன்"ன்னாவ. அன்னைக்கும் கடை நெறைய ஆளு. இருபத்திரெண்டு வருஷத்துல மொத தடவ என் வெட்டு சரியில்லன்னு ஒரு சொல்லு, அதும் வாடிக்கை வாயில இருந்து. எனக்கு மூஞ்சி எரிஞ்சிட்டு. என்ன சொன்னேன்னா... சொல்லுதேன், நீங்க தப்பா எடுக்கக் கூடாது. "வயசாவுதுல்லா டீச்சர், எல்லாருக்கும் எறங்கத்தான் செய்யும். அதுக்கு என் வெட்டு என்ன பண்ணும்?"ன்னேன். கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

டீச்சர் சிரிக்கல. ஜாக்கெட்ட மேசை மேல வச்சு, சுருக்கம் இல்லாம கையால நீவி விட்டாவ. "ஆமா சண்முகத்தாய், உன் வெட்டுல தப்பு இல்ல"ன்னாவ. அவ்வளவுதான். செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாவ.

அதுக்கு அடுத்த வாரம் சேதி வருது, டீச்சர இப்பம்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடி போட்ட தையல் கடையில பாத்தேன்னு. ஏசி போட்டு, பொம்மைக்கு ஜாக்கெட் மாட்டி நிக்க வச்சிருக்க கடை அக்கா. அங்க தைக்கிற பிள்ளைக்கு என் அனுபவத்தோட வயசு கூட இருக்காது. வாடிக்கைன்னா அங்க என்னன்னே தெரியாது, எல்லாரும் மேடம்தான். அளவு ஜாக்கெட் என் பெட்டியில கெடக்கு, ஆளு அங்க போயிருக்காவ. இது எந்த ஊர் நியாயம்? நேர போய்க் கேட்டுட்டு வந்துருவோம்னு, கத்திரியப் போட்டது போட்டபடி கெளம்பிட்டேன்.

செய்துங்கநல்லூர் தாண்டியாச்சா? தாண்டிட்டு. இன்னும் நேரம் இருக்கு.

எங்கன விட்டேன்? நீங்க பையில கைய விட்டு எடுத்துப் பாருங்க அக்கா, பரவாயில்ல. கதைய விட வெட்டப் பாருங்க. முதுகுப் பக்கம் பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா? கழுத்துப் பட்டி, அதுக்குள்ள ஊசித் தையல் வெளிய தெரியுதா? நேத்து சாயங்காலம்தான் முடிச்சேன். மூணு தடவ பிரிச்சுத் தச்சிருக்கேன். அந்தத் துண்டுல இன்னொரு தடவ ஊசி ஏத்துனா பட்டு கிழிஞ்சிரும், அந்த நெலமையில முடிச்சேன்.

இடது பக்கம் தொடுறீய. கனமா இருக்குல்லா? கைபட்டுட்டுல்லா. எல்லாருக்கும் தெரியாது, தையல் தெரிஞ்ச கைக்குத்தான் தெரியும். உள்ள மல் துணியில ஒரு பை வச்சு இலவம்பஞ்சு அடைச்சிருக்கேன். பஞ்ச விரலாலயே பிரிச்சுப் பிரிச்சு, ஒரு கட்டி இல்லாம.

எதுக்குன்னா... சத்தமாப் பேச வேண்டாம். கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிடுங்க. ஊருல ஒருத்தர்ட்டயும் நான் சொல்லல. கடைப் பிள்ளையளுக்குத் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. உங்கட்ட சொல்லுதேன்னா நீங்க யாரோ, நான் யாரோ. பஸ்ஸ விட்டு எறங்குனா அதோட முடிஞ்சுது. இத்தன நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டு எனக்கு முடியல அக்கா.

அந்தக் கடைக்குள்ள போனேன். வாசல்ல அவிய செருப்பு. உள்ள ட்ரையல் ரூம்னு ஒண்ணு, திரை போட்டு. திரைக்குக் கீழ அவிய காலு தெரியுது, அந்தக் கால எனக்குத் தெரியாதா? கடைக்காரப் பிள்ளை, "சுகிர்தம் மேடம் உள்ள இருக்காங்க, யாரும் போகக் கூடாது"ன்னா. எனக்கு யாரு போகக் கூடாதுன்னு சொல்ல? நான் அவியளுக்கு இருபத்திரெண்டு வருஷமா ஜாக்கெட் தச்சவ. திரையப் பிடிச்சு ஒரே இழுப்பு.

பேரு வாயில வந்துட்டு. போகட்டும், உங்களுக்கு என்ன தெரியப் போவுது.

அவிய ஜாக்கெட் மாத்திக்கிட்டு இருந்தாவ. இடது பக்கம் மாரு இல்ல அக்கா. தட்டையா, குறுக்க ஒரு தழும்பு, அக்குள் வரைக்கும். கண்ணாடியில நான் தெரியுதேன், அவிய தெரியுதாவ. சேலைய எடுத்து மூடக் கூட அவியளுக்குக் கை வரல. நான் திரைய விட்டுட்டு வெளிய வரணும்லா? வரல. நின்ன எடத்துலயே நின்னுட்டேன். எங்கண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? அளவு எடுத்துச்சு. வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. தழும்பு எங்க தொடங்குது, எங்க முடியுது, வலது பக்கத்துக்கு எத்தன இஞ்சி வித்தியாசம், எல்லாம் ஒரு நிமிஷத்துல எடுத்துட்டு.

பொறவு டீச்சரே சேலையப் போத்திக்கிட்டு, திரைய மூடிட்டு, என்னை உள்ள இழுத்துக்கிட்டாவ. கைய இறுக்கிப் பிடிச்சாவ. "சண்முகத்தாய், இத யார்ட்டயும் சொல்லிராத. ஐப்பசியில ஆபரேஷன். இப்பம் சுகம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. மொதல்ல ஒரு மாப்பிள்ளை வீடு வந்து, எல்லாம் பேசி, எப்படியோ சேதி தெரிஞ்சு, தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு வேண்டாம்னுட்டாவ. பிள்ளை ஒரு மாசம் எந்திரிக்கல. இது ரெண்டாவது எடம். கல்யாணம் முடியட்டும், நானே என் வாயால அவங்கட்டச் சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும்"ன்னாவ.

நான் அழுதுட்டேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா டீச்சர்"னு கேட்டேன். அவிய என்னப் பாத்தாவ. "ரெண்டு தடவ சொல்ல வந்தேன்"னாவ.

கத்திரி மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன். என் வாயில இருந்து ஒரு சொல்லு வராதுன்னு. இன்னைக்கு வரைக்கும் வரல.

வீட்டுக்கு வந்து அந்த மயில்கழுத்து ஜாக்கெட்ட எடுத்துப் பிரிச்சேன். அந்தக் கடைக்காரி வேற துணி வாங்கித்தான தைக்கணும், சேலையோட வந்த துண்டு ஒண்ணுதான், அது எங்கிட்டல்லா கெடக்கு. கண்ணு எடுத்த அளவ வச்சு வெட்டுனேன். டீச்சருக்கு நான் இத தைக்கேன்னு தெரியாது. பத்திரிகையும் எனக்கு வரல. நாளைக்குப் பத்து மணிக்கு நாசரேத்து சர்ச்சுன்னு வாட்ச்மேன்தான் சொன்னாரு. கூப்பிடாத கல்யாணம்தான், தெரியும். கொண்டு போய்க் குடுத்துட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். வாங்கிக்கிடுவாவளா மாட்டாவளான்னுதான் தெரியல.

என்ன கேட்டீய? ஐப்பசியான்னா? ஆமா, போன ஐப்பசி. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியல, வெளியூர்ல. டாக்டர் சுகம்னு எழுதிக் குடுத்திருக்காரு, அத மறந்துராதீய. அவிய அம்மாவுக்கு இருந்துச்சான்னா? அது எனக்கு எப்படித் தெரியும்? நல்லா வெவரமாக் கேக்கீய அக்கா. உங்க வீட்டுலயும் யாருக்காச்சும் இருந்துச்சோ என்னமோ. நர்சு வேலையா உங்களுக்கு? நான் நெனச்சேன், தாசில்தார் ஆபீஸா இருக்கும்னு.

மகளா? ஒரே மகதான், ஆமா, எப்சிபாதான். நல்ல பிள்ளை, அதுக்கு மொதப் பாவாடை சட்டை நான்தான்...

இருங்க.

பேரு நான் சொல்லலயே. டீச்சர் பேருதான் வாய் தவறி வந்துச்சு. மக பேர நான் சொல்லல. எப்சிபான்னு நீங்க எப்படிக் கேட்டீய?

அக்கா, நீங்க எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போறீய?

மாப்பிள்ளைக்கு அத்தையா.

கோவில்பட்டியா. மத்தவிய எல்லாம் வேன்ல முன்னால போயிட்டாவளா.

ஆழ்வார்திருநகரி வந்துட்டு போலுக்கு. எறங்கிரட்டா நான்? எறங்கி என்ன செய்ய.

நான் ஆளப் பாத்து அளவு சொன்னேன், முப்பத்தெட்டு, பதினொண்ணுன்னு. யாரு, எந்த வீட்டுக்கு, யாரோட கல்யாணம்னு ஒரு வார்த்த கேட்டனா? கேக்கல. அன்னைக்கு டீச்சர் ரெண்டு தரம் அளவு எடுன்னு நின்னாவ, அப்பமும் நான் கேக்கல. ஏன் எடுக்கணும்னு ஒரு சொல்லு கேட்டிருந்தா அவிய அந்தக் கடைத் திரைக்குள்ள நின்னிருக்க மாட்டாவ. வழக்கம்னு சொல்லிச் சொல்லி நான் அவிய மொகத்தையே பாக்காம வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அம்மா. அக்கான்னு கூப்பிட்டேன், இனிமே அம்மான்னே சொல்லுதேன். நான் சொன்னது பூரா பொய்யிம்மா.

இல்ல, கேளுங்க. பஸ்ஸு நிக்கதுக்குள்ள சொல்லிருதேன். டீச்சருக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷனும் இல்ல, தழும்பும் இல்ல. என் கடைய விட்டுட்டு வேற கடைக்குப் போயிட்டாவங்கிற வயித்தெரிச்சல்ல நானா கட்டுனது. பொம்பளைக்கு வாய் இப்படியும் போவுமான்னு பாக்கீய. போவும். இருபத்திரெண்டு வருஷ வாடிக்கை போன ஆத்திரம் உங்களுக்குத் தெரியாது.

பஞ்சா? பஞ்சு... பஞ்சு எதுக்குன்னா, என் வெட்டு தப்பும்மா. இடது பக்கம் நான் துணிய அதிகமா விட்டு வெட்டிட்டேன். கண்ணு மங்கிட்டு எனக்கு, டேப் வைக்காம வெட்டுனேன், பெருமைக்கு. அவிய நிக்க மாட்டேங்குன்னு சொன்னது நிசம். எல்லாருக்கும் முன்னால கேவலமாப் பேசி அனுப்புனதும் நிசம். அந்தத் தப்ப மறைக்கத்தான் பஞ்ச அடைச்சு நெரப்பியிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல. அந்த ஜாக்கெட்டுல இருக்க குத்தம் பூரா என்னோடதுதான். உடம்புல இல்ல. வெட்டுல.

நான் அவியளுக்கு யாருன்னா கேக்கீய? சொந்தம் இல்லம்மா. சாதி சனம் இல்ல. நான் கோயிலுக்குப் போறவ, அவிய சர்ச்சுக்குப் போறாவ. அவிய எனக்கு வாடிக்கை. நானும் அவியளுக்கு வாடிக்கைதான், அவியளே சொல்லியிருக்காவ. நான்தான் அத இத்தன வருஷம் காதுல வாங்கல.

கண்டக்டர் கூப்பிடுதாரு. நாசரேத் வந்துட்டு. அந்தா உங்க ஆளுவ போலுக்கு, வேன் பக்கத்துல நிக்காவ, ஒரு பொண்ணு உங்களப் பாத்துக் கையக் காட்டுது. ஜாக்கெட்ட என் கையில குடுங்கம்மா. மடிக்காண்டாம், நான் மடிச்சுக்கிடுதேன். ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீய.

உங்க மொகத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியல. நம்புறீயளா, நம்பலியா, ஒரு இஞ்சி கூடத் தெரிய மாட்டேங்கு. இந்த ஒரு தடவ கேக்கேன். அங்க மண்டபத்துல பாளையங்கோட்டையில இருந்து வந்தவிய நெறைய இருப்பாவ, பாதிப் பேரு என் பெட்டியில ஜாக்கெட் போட்டு வச்சிருக்கவிய. அவிய எல்லார்ட்டயும் சொல்லுங்க. சண்முகத்தாய்க்குக் கண்ணு போயிட்டு, அவ வெட்டு தப்பு, பட்டுத் துணிய அவட்டக் குடுக்காதீயன்னு சொல்லுங்க. மேடையில ஏறி மைக்க வாங்கிச் சொன்னாலும் சரி. நான் வாசல்லயே நிக்கேன், ஆமான்னு சொல்லுதேன்.

அத மட்டும் சொல்லுங்கம்மா.